நீட்டினால் நிறையுமா போர்ப்படம்?

நெறியாளர் தாமே பின்னர் நீட்டித் தரும் பதிப்பால் பழைய போர்ப்படங்கள் சிறப்புறுமா? டேவிட் லீனின் 'அராபிய லோறன்ஸ்' (1962) வெளிவந்தபின் வெட்டுண்டது. 1989இல் இழந்த பகுதிகளைப் பெற்றுப் பொலிவுற்றது. கொப்போலாவின் 'அப்போகலிப்ஸ் நவ்' (1979) 2001இல் 49 நிமிடம் நீண்டு தளர்ந்தது. 2019இல் அந்நீட்சியை அவரே குறைத்தார். எனவே, பிறர் வெட்டியதை மீட்டல் வேறு. தாமே விலக்கியதைச் சேர்த்தல் வேறு.

லீன் நம் நாட்டுக் கித்துல்கலையில் எடுத்த 'குவாய் நதிப்பாலம்' (1957) மற்றொரு பாடம் புகட்டும். 1942–43இல் சீயம்–பர்மாப் புகையிரதப் பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் உழைத்து மாண்டனர். படமோ வெள்ளைக் கைதிகளையே சுற்றிச் செல்கின்றது. படமாக்காததை எந்நீட்சியும் தாராது. வெலிமடைத் தோட்டங்களினின்று கல்வி நாடிவரும் மாணவரே, அக்கதையைச் சொல்லுங் கடன் நம்முடையது.