முதுமையில் எலும்பின் உறுதியும் கேழ்வரகுக் கூழும்

வயது முதிர்ந்த ஒருவர் வாசற்படியில் கால் இடறி விழுகின்றார். வாலிபனுக்கு அது இரண்டு நாள் வலியோடு தீரும். முதியவருக்கோ இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையாகி விடுகின்றது. அவரைப் பராமரிக்கும் பொருட்டு வீட்டில் மற்றொருவரும் வயல் வேலையை விட நேரிடுகின்றது. மாதவிடாய் நின்ற ஸ்திரீகளுக்கு எலும்பு விரைவாகத் தேய்வதால், அவர்கள் விஷயத்தில் அதிக ஜாக்கிரதை தேவை.

எலும்பின் முக்கிய மூலப்பொருள் சுண்ணாம்புச் சத்து. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு இது 1,000 மில்லிகிராம் வேண்டுமென்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2020-ல் வகுத்துள்ளனர். தீட்டிய அரிசி 100 கிராமில் இச்சத்து சுமார் 10 மில்லிகிராமே உண்டு. அதே எடையுள்ள கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. ஆயினும், உண்ட சத்து முழுவதும் எலும்பைச் சேர்வதில்லை. அது குடலில் கரைந்து இரத்தத்தில் கலத்தல் வேண்டும்.

நிலமும் குடலும்: குடியானவர்கள் இதனை நிலத்திலேயே கண்டிருப்பர். மண்ணிலுள்ள மணிச்சத்தில் பெரும்பகுதி பயிருக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும். கொழிஞ்சி, தக்கைப்பூண்டு முதலியவற்றை மடக்கி உழுதால், நுண்ணுயிர்கள் அத்தழையை மக்கச் செய்கின்றன. அப்போது உண்டாகும் அமிலங்கள் அச்சத்தில் ஒரு பகுதியைக் கரைத்துக் கொடுக்கின்றன. குடலிலும் ஏறக்குறைய இவ்வாறே நிகழ்கின்றது. சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி சிறுகுடலில் ஏற்கப்படுகின்றது. எஞ்சியது பெருங்குடலை அடைகின்றது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நமக்கு ஜீரணமாகாத நார்ப்பொருளே அவற்றுக்கு ஆகாரம். அதனை அவை புளிக்கச் செய்து அமிலங்களை உண்டாக்குகின்றன. அவ்வமிலங்களால் மேலும் சிறிது சுண்ணாம்புச் சத்து கரைந்து உடலிற் சேர்கின்றது. எலும்பை அரிக்கும் அணுக்களின் வேலையை இவ்வமிலங்கள் தணிப்பதாக எலிகளிடம் செய்த பரிசோதனைகளில் தெரிய வந்துள்ளது. நார் குறைந்த ஆகாரம் உண்பவரின் குடல், தழை காணாத நிலத்தைப் போன்றது.

தரமணியிலிருந்து கொல்லிமலைக்கு: சென்னையின் தென்பாகமாகிய தரமணியில், 1988-ல் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகின்றது. அந்நிறுவனத்தார் நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையில், சாமை, தினை, கேழ்வரகு முதலிய பயிர்களைக் காக்க நெடுங்காலம் உழைத்துள்ளனர். மரவள்ளி பரவியதாலும், தானியத்தை உரலில் குத்தும் சிரமத்தாலும் அங்கே இப்பயிர்கள் குறைந்து வந்தன. உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் அமைத்ததால் ஸ்திரீகளின் சிரமம் தணிந்தது. கேழ்வரகின் தோலை எளிதில் பிரிக்க இயலாது. ஆதலின் அது முழுமாவாகவே உண்ணப்படுகின்றது. 100 கிராமில் சுமார் 11 கிராம் நார் இருக்கின்றது. சுண்ணாம்பும் நாரும் ஒரே தானியத்தில் அமைந்திருப்பதே இதன் சிறப்பு.

கூழ் காய்ச்சும் முறை: கேழ்வரகில் சுண்ணாம்பைப் பிணித்து வைக்கும் 'பைட்டேட்' என்னும் பொருளும் உண்டு. முளை கட்டுவதாலும் புளிக்க வைப்பதாலும் அது குறையும். மாவைச் சுத்தமான நீரில் கரைத்து ஓரிரவு புளிக்க வைக்கவும். மறுநாள் நொய்யை வேகவைத்து, புளித்த மாவைச் சேர்த்துக் கிளறி இறக்கவும். ஆறியபின் மோர் விட்டுக் கரைத்து, சிறிது உப்பிட்டு, சின்ன வெங்காயத்துடன் உண்ணலாம். மோர் சுண்ணாம்புச் சத்தை மேலும் கூட்டும்; வெங்காயத்திலுள்ள ஒருவகை நாரும் குடல் நுண்ணுயிர்களுக்கு நல்ல ஆகாரம். முருங்கைக்கீரை சேர்ப்பின் மிகவும் நன்று. உப்பு மிகுந்தால் சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் வெளியேறும். ஆகவே ஊறுகாயைக் குறைக்க வேண்டும்.

எச்சரிக்கை: நுண்ணுயிர்களையே மருந்தாகக் கொடுத்தும் பார்த்திருக்கின்றனர். ஸ்வீடன் தேசத்தில் 75 முதல் 80 வயது வரையுள்ள ஸ்திரீகளுக்கு ஒருவகை லாக்டோபாசில்லஸ் நுண்ணுயிரை ஓராண்டு கொடுத்ததில், கால் எலும்பின் தேய்வு குறைந்ததென 2018-ல் அறிவித்தனர். ஆனால் மாதவிடாய் நின்று சில ஆண்டுகளேயான ஸ்திரீகளிடம் ஈராண்டு நடத்திய பெரிய பரிசோதனையில், பலன் இல்லையென 2024-ல் வெளியாயிற்று. ஆகவே விலையுயர்ந்த புட்டிகளை நம்பி ஆகாரத்தை அலட்சியம் செய்தல் கூடாது. கூழ் மட்டுமே எலும்பைக் காத்துவிடும் என எண்ணுவதும் தவறு. வெயிலில் உடல் படுவதால் உண்டாகும் 'டி' வைட்டமினும், பருப்பு, முட்டை முதலிய புரத ஆகாரமும், நாள்தோறும் நடையும் இன்றியமையாதவை. நார் மிகுந்த ஆகாரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். இல்லையேல் வயிறு உப்பும். நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டு அளவு அறிந்து உண்பது நலம்.

கேழ்வரகைப் பயிரிட்டு, அறுவடையானதும் களத்திலேயே அனைத்தையும் விற்றுவிட்டுத் தீட்டிய அரிசியை வாங்கி உண்ணும் குடும்பங்கள் பல. அவர்கள் விதைக்கு எடுத்து வைப்பது போலவே, வீட்டு முதியோருக்கென ஆண்டுக்கு ஒரு மூட்டையேனும் ஒதுக்கி வைப்பார்களாக. கிணற்றடியில் முருங்கைக் கிளை ஒன்றையும் நட்டு வளர்ப்பார்களாக. இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். முறிந்த எலும்பிற்கு ஆகும் செலவோ பெரிது.