ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையும் மூச்சுக்குழாய்ச் செல்களின் அழற்சி எதிர்வினையும்

திறவுச்சொற்கள்: ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், எபிதீலியச் செல்கள், அழற்சி, சைட்டோகைன்கள், ஸ்டீராய்டு

மட்கும் இலைதழைகளிலும் எருக்குவியலிலும் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்னும் பூஞ்சை, தன் வித்துகளைக் காற்றில் பரப்புகிறது. ஒரு வித்தின் விட்டம் 2 முதல் 3 மைக்ரோமீட்டர் மட்டுமே. ஆதலால் அது மூக்கைக் கடந்து நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றுவிடுகிறது. மனிதர் அனைவரும் நாள்தோறும் இவ்வித்துகளைச் சுவாசிக்கின்றனர்; எனினும் மிகச் சிலரே நோயுறுகின்றனர். நோயுறுவோரிடத்தும் நோய் ஒரே வடிவில் அமைவதில்லை. இவ்வேறுபாட்டிற்கான விடையைப் பூஞ்சையிடம் மட்டும் தேடுதல் போதாது.

மூச்சுக்குழாயின் உட்புறத்தை மூடியுள்ள எபிதீலியச் செல்கள் வெறும் தடுப்புச் சுவர் அல்ல. அவை சளியாலும் குறுயிழைகளின் அசைவாலும் வித்துகளை வெளியேற்றுகின்றன. எஞ்சியவற்றை இனங்கண்டு பிற செல்களுக்கு அறிவிக்கின்றன. ஆனால் உறங்குநிலை வித்தை இனங்காணுதல் எளிதன்று. அதன் மேற்பரப்பை நீர்விலக்கும் புரதப் படலம் ஒன்று போர்த்தியுள்ளது. இப்படலமே வித்தை நோயெதிர்ப்பு மண்டலத்திடமிருந்து மறைக்கிறது என்பதை 2009ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு நிறுவியது. வித்து ஈரம் பெற்று உப்பும்போது போர்வை விலகுகிறது; செல்சுவரின் பீட்டா-குளுக்கன் வெளிப்படுகிறது. டெக்டின்-1 முதலிய ஏற்பிகள் அதனைப் பற்றுகின்றன. வளரும் இழைகள் சுரக்கும் புரதச்சிதைப்பு நொதிகள் எபிதீலியச் செல்களின் பிணைப்பைத் தளர்த்துகின்றன. அச்செல்கள் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 ஆகியவற்றை வெளியிடுகின்றன. பின்னது நியூட்ரோஃபில்களை ஈர்க்கிறது.

ஆஸ்துமா நோயாளரிடத்தில் இவ்வெதிர்வினை வேறு திசையில் செல்லக்கூடும். எபிதீலியம் வெளியிடும் இன்டர்லூக்கின்-33 முதலியன ஒவ்வாமை வகை எதிர்வினையைத் தூண்ட, இயோசினோஃபில்களும் ஐஜிஇ எதிர்ப்பொருளும் பெருகுகின்றன. 1952இல் இங்கிலாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஒவ்வாமைசார் நுரையீரல் ஆஸ்பர்ஜில்லோசிஸ் இவ்வகையினது. இங்குப் பூஞ்சை திசுவினுள் ஊடுருவுவதில்லை. தீங்கின் பெரும்பகுதி உடலின் எதிர்வினையால் விளைவது. எனவே ஸ்டீராய்டு மருந்து இதற்கு முதன்மைச் சிகிச்சையாகிறது.

சிக்கலும் அங்கேதான் உள்ளது. நீண்டகால ஸ்டீராய்டு பயன்பாடு, திசுவை ஊடுருவும் ஆஸ்பர்ஜில்லோசிஸுக்கு வழிவகுக்கும் காரணிகளுள் ஒன்று. எலிகளில் நிகழ்த்தப்பட்ட ஆய்வுகள் மேலும் நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகின்றன. நியூட்ரோஃபில்கள் குன்றிய எலிகளின் நுரையீரலில் பூஞ்சையிழைகள் மிகுதியாகவும் அழற்சி குறைவாகவும் காணப்பட்டன. ஸ்டீராய்டு பெற்ற எலிகளிலோ இழைகள் குறைவு. நியூட்ரோஃபில்கள் திரண்டு திசுவைச் சிதைத்திருந்தன. அழற்சியை அடக்கவேண்டிய மருந்து பெற்ற எலிகளிலேயே அழற்சி மிகுந்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே பூஞ்சையெதிர்ப்பு மருந்து மட்டும் முதல்வகைச் சேதத்திற்கு ஈடுகொடுக்கலாம். இரண்டாம் வகையில், பூஞ்சை அழிந்த பின்னரும் திசுச்சேதம் தொடர இடமுண்டு.