கியர் பாக்ஸை மாற்றும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் இடையில் உள்ள ஏதாவது ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குள் எட்டிப் பாருங்கள். ஸ்டாண்டு போட்டுத் தூக்கிய பழைய கான்டெஸா ஒன்று நிற்கும். கழற்றிய நாலு கியர் பாக்ஸ் எண்ணெய் வடியத் தரையில் கிடக்கும். பக்கத்தில், சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த அஞ்சு கியர் பாக்ஸ். “இதை மாட்டிட்டா வண்டி பறக்கும்ணா” என்பார் மெக்கானிக். அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வண்டியை மாற்றிப் பூட்டும் ஆசை வடசென்னைக்குப் புதிதல்ல. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி அனுப்பியது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் பிறந்த என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரிலிருந்து புல்லட்டை நாடெங்கும் அனுப்பியது. வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயங்கள் நடந்தன. இந்தத் தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்த லேத் பட்டறைகளில் எதையும் எதோடும் பொருத்திவிடும் கைத்திறன் இன்றும் இருக்கிறது.

தேவையும் உண்மையானதுதான். 1984-ல் வந்த கான்டெஸாவுக்கு 1.5 லிட்டர் எஞ்சினும் நாலு கியரும்தான். பிறகு இசுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் அஞ்சு கியரும் வந்தன. முதல் வகை வண்டி வைத்திருப்பவர், நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தாமல் போக அந்த அஞ்சாவது கியரைத் தேடுகிறார். எஞ்சினின் சக்தியைக் கூட்டியவரோ, பழைய பல்சக்கரங்கள் தாங்காது என்று பலமான பெட்டியைத் தேடுகிறார்.

பலவீனம் இடம் மாறும்

எஞ்சினிலிருந்து சக்கரம் வரை எல்லாம் ஒரே சங்கிலி. கியர் பாக்ஸைப் பலப்படுத்தினால் உடையும் இடம் பின்னால் நகரும். நேற்று கியர் பல் உடைந்தது என்றால், நாளை யுனிவர்சல் ஜாயிண்ட் (யூ.ஜே.) கிராஸோ, பின் ஆக்சிலோ, அதற்குள் இருக்கும் கிரவுன் பினியனோ உடையும்.

பொருத்துவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. புதுப் பெட்டியின் பெல் ஹவுசிங் பழைய எஞ்சினில் உட்காராது. அதற்காக லேத்தில் ஓர் இடைத்தகடு கடைவார்கள். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. டயல் கேஜை வைத்து கிராங்கைச் சுற்றினால், மையம் விலகியிருப்பதை முள்ளே ஆடிக் காட்டும். இதைப் பார்க்காமல் பூட்டிய வண்டியில் முதலில் பேரிங் சத்தம் வரும், அடுத்து சீலில் எண்ணெய் கசியும், கிளட்ச் பிளேட்டின் பற்கள் தேயும்.

புதுப் பெட்டி நீளமாக இருந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறுக்குவார்கள். வெட்டிப் பற்றவைத்ததை பேலன்ஸ் பார்க்காமல் ஓட்டினால் அதிர்வு மெல்ல மெல்ல ஜாயிண்டைத் தின்னும். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னும் பின்னும் கன்டெய்னர் டிரெய்லர்கள் போகும்போது முன்பக்க ஜாயிண்ட் உடைந்து ஷாஃப்ட் தரையில் குத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

புல்லட்டிலும் இதே கதைதான். வலது கால் கியரை இடது பக்கம் மாற்றும்போது பிரேக் பெடல் வலது பக்கம் வருகிறது. அதை இணைக்கும் தண்டின் வெல்டிங்கில்தான் ஓட்டுபவரின் உயிர் நிற்கிறது.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு முரணாக ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றத்தையே ‘மாற்றம்’ என்கிறது அந்தப் பிரிவு. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொன்னது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அதே மாடலின் கியர் பாக்ஸைப் பூட்டுவது பழுதுபார்ப்பு. தரையை அறுத்து, சேஸிஸில் வெல்டிங் வைத்து வேறு வண்டியின் பெட்டியைப் பொருத்துவது அப்படியல்ல. சந்தேகம் இருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் (ஆர்.டி.ஓ.) எழுத்து மூலம் கேளுங்கள். 50 ஆண்டு கடந்த வண்டியை வின்டேஜ் வகையில் பதிவு செய்ய நினைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மூல வடிவம் கெடாத வண்டிகளுக்குத்தான் 2021 விதிகள் அந்தத் தகுதியைத் தருகின்றன.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்த மாற்றத்தைக் காட்டி, உங்கள் வண்டிச் சேதத்துக்கான இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். பழைய பாகத்தை பில் இல்லாமல் வாங்குவதும் ஆபத்து. அது திருட்டு வண்டியிலிருந்து கழற்றியது என்றால் உங்கள் வீட்டுக் கதவையும் போலீஸ் தட்டும்.

ஏமாந்தால் என்ன வழி?

வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடும், வேலை முடிந்ததும் பில்லும் கேட்பது உங்கள் உரிமை. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். வேலை சரியில்லை என்றால் உடைந்த பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். படம் எடுத்து, வேறொரு தகுதியான மெக்கானிக்கிடம் எழுத்தில் கருத்து வாங்கி, ஷெட்டுக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வடசென்னைக்காரர்களுக்கு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். ஆனால் தடைசெய்யப்பட்ட மாற்றத்தை நீங்களே கேட்டுச் செய்திருந்தால் வழக்கு வலுவிழக்கும்.

மாற்றம் செய்ததாக ஆர்.டி.ஓ. பிறப்பித்த உத்தரவு தவறு என்று நினைத்தால், அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 57-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அன்றைக்குக் கைகொடுப்பது உங்களிடம் இருக்கும் பில்தான்.

பழைய வண்டியைக் காப்பாற்றி ஓட்டுவது பெருமைக்குரிய காரியம். அந்த வண்டியில் உங்கள் பிள்ளைகளும் ஏறுவார்கள், அதன் எதிரே அடுத்தவர் பிள்ளைகளும் வருவார்கள். கையில் பில், கோப்பில் ஆர்.டி.ஓ. ஒப்புதல் கடிதம், டயல் கேஜில் ஆடாமல் நின்ற முள் என இந்த மூன்றையும் பார்க்காமல் வண்டியை ஷெட்டிலிருந்து எடுக்காதீர்கள்.