குறைந்த பாகம், குறைந்த சந்தேகம்: தண்ணீர்த் திட்டம் ஒன்றைத் தெரிவு செய்வது எப்படி?

கிருலப்பனையில் எங்கள் பணிமனையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கால்வாய்க் கரைக்கு வந்துவிடலாம். கொழும்பில் பெய்யும் மழைநீரின் ஒரு பகுதி இதன் வழியே ஓடி, வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கடலிற் கலக்கிறது. அதை ஓட வைப்பதற்கு மோட்டரும் இல்லை, எண்ணெயும் இல்லை. நிலத்தின் சரிவே அதன் இயந்திரம். 1992 யூன் 4ஆம் திகதி ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை கொட்டி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் யப்பானியக் கடனுதவியுடன் நடந்த பெரிய வேலை, இதே கால்வாய்களைத் தூர் வாரி அகலமாக்கியதுதான். இருந்த சரிவையே அதிகம் பயன்படுத்தினார்கள்.

இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? காணிக்குத் திரும்பிய குடும்பங்களும், புதிய இடத்தில் குடியேறிய குடும்பங்களும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சுவாமி, கிணற்றுக்குக் கைப்பம்பி தருகிறோம் என்கிறார்கள். வேறொருவர் சூரியசக்தி மோட்டர் என்கிறார். எதற்குச் சம்மதிப்பது?" இதற்குப் பதில் காணப் பொறியியல் பட்டம் தேவையில்லை. இரண்டு கேள்விகள் போதும். இத்திட்டத்தில் பழுதாகக்கூடிய பாகங்கள் எத்தனை? நமக்கு நிச்சயமாகத் தெரியாத விடயங்கள் எத்தனை? தேவையை நிறைவேற்றும் திட்டங்களுக்குள், இவ்விரண்டும் ஆகக் குறைந்ததே சிறந்தது.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்துக்கு உயரத் தாங்கி, மின்மோட்டர், வீட்டுக்கு வீடு குழாய் என்று ஒரு திட்டம் வந்தது. வரைபடத்தில் மிக அழகாயிருந்தது. நானும் கையொப்பமிட்டேன். கிணற்றின் நீர்மட்டத்தை மாசி மாதத்தில் அளந்திருந்தோம். ஆவணியில் நீர் உறிஞ்சு குழாய்க்குக் கீழே இறங்கியது. தண்ணீரின்றி ஓடிய மோட்டர் எரிந்தது. திருத்துவதற்குச் சங்கத்தில் பணமில்லை. பெண்கள் மீண்டும் வாளியோடு பழைய கிணற்றுக்கு நடந்தார்கள். பிழை மோட்டரில் இல்லை. ஆவணியில் அந்தக் கிணறு எப்படியிருக்கும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்காத என்னிலேயே பிழை இருந்தது.

இனி, இவ்விடயத்தைச் சரியாகச் செய்த ஒரு கதை. 1960களின் இறுதியில் இந்தியாவில் கடும் வரட்சி. கற்பாறையைத் துளைத்து ஆயிரக்கணக்கான குழாய்க் கிணறுகள் அமைத்து, அவற்றில் வார்ப்பிரும்புக் கைப்பம்பிகளைப் பொருத்தினார்கள். 1970களின் நடுப்பகுதியில் ஆராய்ந்தபோது நான்கில் மூன்று பம்பிகள் வேலை செய்யவில்லை. காரணம் எளிது. அவை மேல்நாட்டில் ஒரு குடும்பத்தின் பாவனைக்கு வடிவமைக்கப்பட்டவை. இங்கே முழுக் கிராமமும் விடியற்காலை தொடக்கம் இரவு வரை அவற்றை அடித்தது.

இதற்குத் தீர்வு மகாராஷ்டிராவின் சிறு பட்டறைகளிலிருந்து வந்தது. ஜால்னா, சோலாப்பூர் ஆகிய இடங்களில் கிறிஸ்தவ மிசன் பணியாளர்கள், தேயும் இடங்களைக் குறைத்து உருக்கினால் பம்பிகள் செய்திருந்தார்கள். சோலாப்பூர்ப் பம்பியில் கைபிடிக்கும் தண்டுக்கும் இடையே ஒரு சங்கிலி இருந்தது. அதனால் தண்டு பக்கவாட்டில் இழுபடாமல் நேராக ஏறி இறங்கியது. யுனிசெப் நிறுவனமும் இந்தியப் பொறியியலாளரும் இதையே அடிப்படையாகக் கொண்டு, கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழமான கிணறுகளில் பரீட்சித்து, "இந்தியா மார்க் 2" என்ற பம்பியை உருவாக்கினர். 1979இல் அதற்கு இந்தியத் தரநிர்ணயமும் வந்தது. பின்னர் பல நாடுகளுக்கு இலட்சக்கணக்கில் பரவியது.

ஆனாலும் ஒரு சிக்கல் மிஞ்சியது. நிலத்துக்குக் கீழேயுள்ள உருளையில் தோல் வாசர் தேய்ந்தால், அதை மாற்ற முழுக் குழாயையும் மேலே இழுக்க வேண்டும். அதற்கு வாகனமும் விசேட கருவிகளும் கொண்ட குழுவொன்று தூர நகரத்திலிருந்து வரவேண்டும். வாசர் சிறியது, காத்திருப்போ நீண்டது. எனவே 1980களில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் மீண்டும் பரீட்சைகள் நடந்தன. குழாயை அகலமாக்கினார்கள். அப்போது குழாயை இழுக்காமலே ஆடுதண்டை மட்டும் வெளியே எடுக்கலாம். ஊரிலுள்ள இரண்டு பேர் சில ஸ்பனர்களுடன் செய்யக்கூடிய வேலை. இதுவே "மார்க் 3". அகலக் குழாய்க்கு விலை கூட, பாரமும் கூட. மிக ஆழமான கிணற்றுக்கு அது ஏற்றதல்ல. எளிமைக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறக்கக்கூடாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். தென்னாபிரிக்காவில் "பிளேபம்ப்" என்றொரு சாதனம் உருவானது. சிறுவர் இராட்டினத்தில் சுற்றி விளையாட, தண்ணீர் தாங்கிக்கு ஏறும். 2006இல் அமெரிக்காவில் இதற்குப் பெருந்தொகை நிதி அறிவிக்கப்பட்டது. ஆனால் சாதாரண கைப்பம்பியைவிட விலை பல மடங்கு. பழுதானால் ஊரில் திருத்த முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுவர் போதியளவு விளையாடுவார்கள் என்ற ஊகத்தின் மேலேயே முழுத் திட்டமும் நின்றது. சொல்லப்பட்ட 2,500 பேருக்கும் தண்ணீர் கொடுப்பதானால் பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டும் என்று கார்டியன் பத்திரிகை 2009இல் கணக்கிட்டுக் காட்டியது. கடைசியில் பல இடங்களில் தாய்மாரே அதைத் தள்ளினார்கள்.

நம் ஊர்க் கிணற்றடிக்கு வருவோம். துலாவில் தேய்பவை அச்சு, கயிறு, வாளி. மூன்றையும் ஊரிலேயே மாற்றலாம். ஆனால் இரண்டு ஏக்கர் வெங்காயத்துக்குத் துலா போதாது. அங்கே இயந்திரம் வேண்டும். மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பலருக்குத் திருத்தத் தெரியும். அதன் சந்தேகம் எரிபொருளில் இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. சூரியசக்தி மோட்டர் அந்தச் சந்தேகத்தை நீக்குகிறது. ஆனால் அதன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் யார் திருத்துவார் என்ற புதிய சந்தேகத்தைக் கொண்டுவருகிறது. கிட்டிய பட்டினத்தில் திருத்துபவர் இருந்தால் தாராளமாக ஏற்கலாம். கொழும்புக்கு அனுப்ப வேண்டுமானால் இருமுறை யோசியுங்கள்.

கூட்டத்தில் கையொப்பமிடுமுன் பின்வரும் ஒழுங்கில் பேசிப் பாருங்கள்.

முதலாவது, தேவை என்ன? குடிநீரா, தோட்டத்துக்கா, எத்தனை குடும்பத்துக்கு? தேவையை நிறைவேற்றாத எளிமையால் பயனில்லை.

இரண்டாவது, தேயும் பாகங்கள் எவை? ஒவ்வொன்றுக்கும் எதிரே, திருத்துபவர் யார், உதிரிப்பாகம் எந்தக் கடையில், பணம் எங்கிருந்து என்று எழுதுங்கள். வெறுமையாக நிற்கும் ஒவ்வோர் இடமும் ஓர் ஆபத்து.

மூன்றாவது, தெரியாதவை எவை? கோடையின் நீர்மட்டம், உவர்த்தன்மை, அடுத்த ஆண்டு இன்னும் எத்தனை குடும்பங்கள் திரும்பும் என்பவை. இவற்றுட் பலவற்றைச் சிறு செலவில் அறியலாம். அறியாமல் இருப்பதே செலவு.

நான்காவது, எவ்வளவு முயன்றும் அறிய முடியாதது ஒன்று இருந்தால், பிழைத்துப்போனாலும் சிறு நட்டத்தோடு முடியும் திட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். முதலில் ஒரு கிணறு, ஒரு பம்பி. ஒரு கோடை தாங்கிய பின் தாங்கியும் குழாயும் போடலாம்.

வரும் அலுவலர் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார். ஆனால் திட்டம் முடிந்ததும் அவர் போய்விடுவார். பம்பியோடு இருக்கப்போவது நீங்கள்தான். ஆகவே கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் அல்ல.

இன்றே தொடங்கக்கூடிய ஒரு வேலையும் உண்டு. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்குங்கள். கல் நீரைத் தொடும்போது, கிணற்று விளிம்புக்கு நேராக வரும் இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுங்கள். மாதம் ஒரு முடிச்சு, மாசியிலும் ஆவணியிலும் தவறாமல். அடுத்த முறை யாராவது வரைபடத்தோடு வந்தால், அந்தக் கயிற்றை மேசையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.