பொதிகளுக்கு ஸ்ரிக்கர் அச்சிடுதல்: வெட்டுக்கோடும் தாழ்வாரமும்

அரிசிமா, குரக்கன்மா, மிளகாய்த்தூள், ஒடியல், கருவாடு முதலியவற்றை வீட்டில் பொதிசெய்து கடைகளுக்குக் கொடுக்கும் குடும்பங்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு உண்டு. "சுவாமி, ஸ்ரிக்கரின் ஓரத்தில் ஏன் வெள்ளைக்கோடு தெரிகின்றது?" என்பது ஒன்று. "திகதி அரைவாசி வெட்டுப்பட்டுப் போயிற்று, இனி என்ன செய்வது?" என்பது மற்றையது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதை இவ்விதழில் சற்று விரிவாக விளக்க முயலுகின்றோம்.

இது சின்ன விடயம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். பொதியில் அடைக்கப்பட்ட உணவுப் பொருளை விற்பதானால், அதன் பெயர், நிகர நிறை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் தெளிவாக இருக்கவேண்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் இவற்றைக் கோருகின்றன. வெட்டுக்கத்தி காலாவதித் திகதியைக் கொண்டுபோய்விட்டால் கடைக்காரர் பொதியை ஏற்கமாட்டார். ஏற்றாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண்ணில் படும் நாள்வரையே அது கடையில் இருக்கும். மாவில் குறையில்லை, பொதியில் குறையில்லை. ஆனால் ஒரு போகத்து உழைப்பு திரும்பி வீட்டுக்கு வருகின்றது.

சம்பூர்ப் பகுதி மக்களுக்கு இதில் இன்னுமொரு சிரமமும் உண்டு. 2006 ஏப்ரலில் ஊரைவிட்டு ஓடி, கிளிவெட்டி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காலம் கழித்து, 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்டபின் திரும்பியவர்கள் இவர்கள். கொட்டியாரக் குடாவின் இக்கரையில் நின்று பார்த்தால் திருகோணமலை நகரம் அதோ தெரிகின்றது. ஆனால் அச்சகத்துக்குப் போக மூதூர், கிண்ணியா என்று குடாவைச் சுற்றியல்லவா போகவேண்டும்? 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் பாதை எவ்வளவோ இலகுவாகிவிட்டது. ஆயினும் பிழையான ஸ்ரிக்கரைத் திருத்த மீண்டும் ஒருமுறை போய்வருவது ஒரு நாட்கூலியை விழுங்கிவிடும். ஆகவே முதற்தடவையே சரியாக ஆயத்தம் செய்துகொண்டு போவதே மேல்.

தாழ்வாரமும் வரம்பும்

வீடு கட்டும்போது கூரையைச் சுவரோடு சரியாக நிறுத்துகின்றோமா? இல்லை. சுவருக்கு வெளியே தாழ்வாரம் இறக்குகின்றோம். மழை நேராக மட்டும் பெய்யாது என்று அறிந்திருக்கின்றோம். ஸ்ரிக்கரும் இப்படித்தான். கத்தி எப்பொழுதும் கோட்டின்மேல் நேராக இறங்காது. தாள் இயந்திரத்துக்குள் சற்று நகரும். அடுக்காக வெட்டும்போது மேல்தாளும் அடித்தாளும் ஒன்றுக்கொன்று விலகும். ஒரு மில்லிமீற்றர் வரை விலகுவது வழமையே. அதற்காக அச்சகத்தாரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. பின்னணி நிறத்தை வெட்டுக்கோட்டோடு நிறுத்தியிருந்தால், அந்த ஒரு மில்லிமீற்றர் வெள்ளைக்கோடாகத் தெரியும். நிறத்தைக் கோட்டுக்கு வெளியேயும் நீட்டியிருந்தால், கத்தி எப்பக்கம் விலகினாலும் நிறத்தின்மேலேயே வெட்டும். இப்படி வெளியே நீட்டும் பகுதியைத்தான் அச்சகத்தார் 'பிளீட்' என்கின்றனர். நாம் இங்கு தாழ்வாரம் என்றே சொல்வோம். பெரிய அச்சுவேலைக்கு ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீற்றர் கேட்பார்கள். சிறிய ஸ்ரிக்கருக்கு 2 மில்லிமீற்றர் பொதுவாகப் போதும்.

வெளியே விடுவதைப் போலவே உள்ளேயும் இடம் விடவேண்டும். வரம்போரமாக நட்ட நாற்று மிதிபடும். அதுபோல வெட்டுக்கோட்டை ஒட்டி எழுதிய எழுத்து வெட்டுப்படும். கோட்டிலிருந்து உள்ளே 3 மில்லிமீற்றருக்குள் எழுத்தோ இலக்கமோ படமோ வரக்கூடாது. திகதியும் நிறையும் இன்னும் உள்ளே இருந்தால் நல்லது.

பலருக்கு ஸ்ரிக்கரைச் சுற்றி ஒரு மெல்லிய கட்டம் போடவேண்டும் என்ற ஆசை உண்டு. கல்யாண அழைப்பிதழில் பார்த்த பழக்கம் போலும். தயவுசெய்து போடவேண்டாம். கத்தி அரை மில்லிமீற்றர் விலகினாலும், ஒரு பக்கம் கட்டம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரிந்து முழு ஸ்ரிக்கரும் கோணலாகத் தோன்றும். கட்டம் இல்லாத ஸ்ரிக்கரில் அதே விலகலை யாரும் காணமாட்டார்கள்.

ஒரு தாளில் எத்தனை?

இதுதான் காசைத் தீர்மானிக்கும் இடம். அடிமட்டமும் பென்சிலும் போதும்.

ஏ4 தாளின் அளவு 210க்கு 297 மில்லிமீற்றர். நாலு பக்கமும் 10 மில்லிமீற்றர் விட்டால், பயன்படும் இடம் 190க்கு 277. வெட்டும் இயந்திரம் தன் அடையாளக் குறிகளுக்கு இதைவிடக் கூட இடம் கேட்கலாம். அதை அச்சகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஸ்ரிக்கர் 60க்கு 40 என்று வைத்துக்கொள்வோம். சுற்றிவர 2 மில்லிமீற்றர் தாழ்வாரம் சேர்த்தால் 64க்கு 44. குறுக்கே மூன்று வைக்க 192 வேண்டும், இருப்பதோ 190. ஆகவே நிமிர்த்தி அடுக்கி நாலுக்கு நாலாகப் பதினாறுதான் வைக்கலாம். இனி அகலத்தில் ஒரேயொரு மில்லிமீற்றரைக் குறைத்து, உயரத்தை 42 ஆக்குங்கள். 59க்கு 42, தாழ்வாரத்தோடு 63க்கு 46. குறுக்கே மூன்று, கீழ்நோக்கி ஆறு, மொத்தம் பதினெட்டு. ஸ்ரிக்கரின் பரப்பு முன்னையதைவிடச் சற்றுக் கூடவும் இருக்கின்றது!

பின்னணி வெள்ளையாகவே இருந்தால் கணக்கு இன்னும் மாறும். நிறம் ஓரத்தைத் தொடாதபோது தாழ்வாரம் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்து ஸ்ரிக்கர்கள் ஒரே வெட்டைப் பங்கிட்டுக்கொள்ளலாம். 60க்கு 39 என்றால் குறுக்கே மூன்றும் கீழே ஏழுமாக இருபத்தொன்று வரும். ஐந்நூறு பொதிக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: முதல் அளவில் 32 தாள், இரண்டாவதில் 28, வெள்ளைப் பின்னணியில் 24. இப்போதுதான் தொழிலைத் தொடங்குவோருக்கு நாம் சொல்லும் புத்தி, வெள்ளைப் பின்னணியோடு தொடங்குங்கள் என்பதே. வண்ணம் பிறகு வரட்டும். வெள்ளைத் தாளில் தெளிவான கறுப்பு எழுத்தும் நடுவில் ஒரு சிறு படமும் எந்தக் கடைத்தட்டிலும் மரியாதையாகவே நிற்கும்.

அரைவெட்டு, முழுவெட்டு

ஸ்ரிக்கர்த் தாளில் இரண்டு படை உண்டு. மேலே பசை பூசிய தாள். கீழே பசை ஒட்டாதபடி சிலிக்கோன் பூசிய பின்தாள். மேல்தாளை மட்டும் வெட்டி, பின்தாளை முழுமையாக விடுவது அரைவெட்டு. இரண்டையும் வெட்டுவது முழுவெட்டு. நூறு பொதிக்கு வரிசையாக ஒட்டும் பெண்களுக்கு அரைவெட்டுத் தாள் மிகவும் இலகு. தாளைச் சற்று வளைத்தால் ஸ்ரிக்கர் தானே எழும்பும். முழுவெட்டில் ஒவ்வொன்றாக நகத்தால் உரிக்கவேண்டும். நனைந்த கையோடு அது பெரும்பாடு. முழுவெட்டுத்தான் கட்டுபடியாகும் என்றால், பின்தாளில் முன்கூட்டியே கீறல் இட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த அரைவெட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1935இல், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்ரான்ரன் ஏவரி என்ற இளைஞர், தாம் மணமுடிக்கவிருந்த பெண்ணிடம் நூறு டொலர் கடன் வாங்கி, சலவை இயந்திரத்தின் மோட்டரையும் தையல் இயந்திரத்தின் பாகங்களையும் கொண்டு ஓர் இயந்திரம் செய்தார். பின்தாளிலிருந்து உரித்தெடுத்து ஒட்டும் விலைச் சீட்டுகளை அதில்தான் செய்து விற்றார். இன்று உலகெங்கும் ஏவரி என்ற பெயரில் லேபல்கள் விற்பனையாகின்றன. பழைய தையல் மெசினைப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுக்குமுன் யோசிக்கவேண்டும் போலிருக்கின்றது.

இயந்திரத்தால் அரைவெட்டுச் செய்வதானால், வெட்டுக்கோட்டைப் படத்தோடு சேர்த்து வரையக்கூடாது. சேர்த்தால் அது கறுப்புக் கோடாக அச்சாகிவிடும். கணினியில் தனியான ஓர் அடுக்கில், வேறெங்கும் பயன்படுத்தாத நிறத்தில், மயிரளவான கோடாக வரையவேண்டும். ரோலண்ட் வகை இயந்திரங்கள் 'கட்கொன்ரூர்' என்று பெயரிட்ட நிறத்தையே வெட்டுக்கோடாக அறியும். அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலை அச்சகத்தில் கேட்டு ஓர் எழுத்தும் மாறாமல் இடுக. கோடு தொடங்கிய இடத்திலேயே முடிந்து மூடியிருக்கவேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோடுகள் கிடந்தால் கத்தி இரண்டுமுறை இறங்கிப் பின்தாளையும் கிழித்துவிடும். மூலைகளை 2 அல்லது 3 மில்லிமீற்றர் வளைத்துவிடுவதும் நன்று. கூரான மூலைதான் எப்பொழுதும் முதலில் எழும்புகின்றது.

எங்கள் எழுத்துக்கு வரும் ஆபத்து

ஆங்கில ஸ்ரிக்கருக்கு இல்லாத ஒரு தொல்லை தமிழுக்கு உண்டு. எங்கள் பகுதியில் இன்னும் பல கணினிகளில் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்கின்றனர். பாமினியில் அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'அரிசிமா' என்ற இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். யூனிகோட்டில் அடித்தாலும், பழைய மென்பொருள்களில் கொம்பும் அரவும் இடம்மாறிப் போவதுண்டு. சிங்களத்துக்கும் இதே கதிதான். அச்சகத்தில் வேலை செய்பவருக்குத் தமிழ் தெரியாதென்றால் இந்தப் பிழை கண்ணில் படாமலே ஐந்நூறு பிரதி அச்சாகிவிடும். ஆகவே கடைசித் திருத்தம் முடிந்தபின் எல்லா எழுத்துகளையும் வடிவங்களாக மாற்றிவிடவேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளிலும் இதைச் செய்யலாம். மாற்றாத மூலப் பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் எழுத்தைத் திருத்த முடியாது.

அனுப்பும்போது பிடிஎப் கோப்பாக அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அல்ல, ஆவணமாகவே அனுப்பவேண்டும். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு எழுத்தின் ஓரங்கள் மங்கிவிடும். ஸ்ரிக்கரில் புகைப்படம் இருந்தால், அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது வேண்டும்.

திகதியும் முகவரியும்

திகதியும் தொகுதி இலக்கமும் ஒவ்வொரு தடவையும் மாறுபவை. அவற்றை அச்சிடாமல், வெட்டுக்கோட்டிலிருந்து நன்கு உள்ளே ஒரு வெள்ளைக் கட்டம் விட்டு, முத்திரையாலோ பேனாவாலோ இடுவதே சிக்கனம். ஸ்ரிக்கருக்கு மேலே பிளாஸ்ரிக் படலம் ஒட்டுவதானால் சாதாரண மை அதில் பிடிக்காது, தேய்ந்து போகும். அழியாத மைப்பேனா தேவை. வெறும் தாளில் வீட்டு இங்க்ஜெற் பிறிண்டரால் அச்சிட்டால் ஈரத்தில் மை கசியும். தயிருக்கும் கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் பிளாஸ்ரிக் ஸ்ரிக்கரே உகந்தது. மாவுக்கு லேசர் பிறிண்டரில் அடித்த தாள் ஸ்ரிக்கர் போதும்.

முகவரியைப் பற்றிப் பலர் தயங்குவதை நாம் அறிவோம். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்கள், உறவினர் வளவில் மா இடிப்பவர்கள், எந்த ஊரைப் போடுவது என்று கேட்கின்றனர். பொருள் எங்கே செய்யப்படுகின்றதோ அந்த இடத்தின் முகவரியையே இடவேண்டும். பரிசோதகர் தேடி வரக்கூடிய இடம் அதுதான். சொந்த ஊரின் பெயரைப் பொருளின் பெயரோடு வைப்பதானால், முதலில் பரிசோதகரிடம் காட்டிக் கேளுங்கள். அங்கு செய்யாததை அங்கு செய்ததாக வாங்குபவர் நினைக்கும்படி இருக்கக்கூடாது. இடம் மாறக்கூடிய நிலையில் இருப்பவர்கள் ஒருமுறைக்கு நூறு, நூற்றைம்பதுக்குமேல் அச்சிடவேண்டாம். ஆயிரமாக அடித்தால் மலிவு என்பார்கள். முகவரி மாறினால் அந்த ஆயிரமும் அடுப்புக்குத்தான். எந்த மொழிகளில் எவை இருக்கவேண்டும், எழுத்தின் பருமன் என்ன என்பவற்றையும் அச்சிடுமுன் மாதிரியைக் காட்டிப் பரிசோதகரிடமே அறிந்துகொள்ளலாம்.

அந்த மாதிரியைச் சாதாரணத் தாளில் அடியுங்கள். பிறிண்டரில் 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவை நீக்கி, உண்மையளவில், அதாவது நூறு வீதத்தில், அடிக்கவேண்டும். இல்லாவிட்டால் அளவு சுருங்கிவிடும். அடித்ததை அடிமட்டத்தால் அளந்து, கத்தரிக்கோலால் வெட்டி, மா நிரப்பிய பொதியில் வைத்துப் பாருங்கள். வேண்டுமென்றே ஒரு மில்லிமீற்றர் தள்ளியும் ஒன்றை வெட்டிப் பாருங்கள். அப்போதும் திகதியும் நிறையும் முழுதாக நின்றால் அச்சகத்துக்குப் போகலாம். போத்தலானால் நூலால் சுற்றளவை எடுத்து அதன்படி வெட்டுக. பைக்கு ஒட்டுவதானால், நிரப்புமுன் பையை மேசையில் தட்டையாக வைத்து ஒட்டினால் சுருக்கம் விழாது.

மீந்த தாள்களைப் பிளாஸ்ரிக் உறையில் இட்டு, மேலே ஒரு பலகை வைத்துத் தட்டையாக வையுங்கள். மாரிகாலத்து ஈரம் ஏறினால் தாள் சுருளும். சுருண்ட தாளில் அரைவெட்டு ஸ்ரிக்கர்கள் ஓரத்திலிருந்து தாமாகவே எழும்பத் தொடங்கும்.