மெய்நிகர் இயந்திரங்களில் காலக் கணிப்பு: வன்பொருள் வேறுபாடுகளும் கடிகார அமைப்பு முறைகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே கணினியில் பல இயங்குதளங்களை, அவை தனித்தனிக் கணினிகளில் இயங்குவனபோல் இயங்கச் செய்யும் தொழில்நுட்பம் மெய்நிகராக்கம் ஆகும். செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டுக் கொடுப்பதற்குத் தெளிவான முறைகள் உள்ளன. காலத்தைப் பங்கிட இயலாது. அது அனைவருக்கும் ஒரே வேகத்தில் செல்லவேண்டும். வன்பொருளுக்கு வன்பொருள் கடிகாரம் மாறுபடும் சூழலில் விருந்தினர் இயங்குதளத்தின் நேரம் எவ்வாறு பிழைபடுகிறது, அப்பிழை எவ்வழிகளில் திருத்தப்படுகிறது, எது திருத்தப்படாமல் எஞ்சுகிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் இயந்திரம், விருந்தினர் இயங்குதளம், ஓம்புநர், நேர எண்ணி, துடிப்பு, இயங்குநிலை இடப்பெயர்ச்சி, நேர ஒத்திசைவு.

முன்னுரை

1974ஆம் ஆண்டு ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் ஆகிய இருவரும் மெய்நிகர் இயந்திரத்துக்கான முறைசார் இலக்கணத்தை வகுத்தனர். ஒரு நிரல் உண்மைக் கணினியில் என்ன விளைவைத் தருமோ அதே விளைவை மெய்நிகர் இயந்திரத்திலும் தரவேண்டும் என்பது அவ்விலக்கணத்தின் அடிப்படைக் கூறாகும். இதற்கு இரண்டு விலக்குகளையும் அவர்களே அளித்தனர். வளங்களின் இருப்பால் நேரும் வேறுபாடு ஒன்று. காலச் சார்பால் நேரும் வேறுபாடு மற்றொன்று.

இலக்கணத்தில் புறனடையாக வைக்கப்பட்ட காலமே இன்றைய நடைமுறையில் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்றாக நிற்கிறது. கோப்புகளின் திருத்த நேரம், தரவுத்தளப் பதிவுகளின் முன்பின் வரிசை, பாதுகாப்புச் சான்றிதழ்களின் செல்லுபடிக் காலம் ஆகியன யாவும் இயங்குதளம் கூறும் நேரத்தையே நம்பியுள்ளன. கெர்பரோஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறை, இயல்பான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட நேர வேறுபாட்டை ஏற்பதில்லை. கடிகாரம் பிறழ்ந்த மெய்நிகர் இயந்திரத்தில், சரியான கடவுச்சொல்லைத் தரும் பயனருக்கும் அனுமதி மறுக்கப்படும் என்பது இதனால் விளங்கும்.

1. காலத்தை அறியும் இரு வழிகள்

இயங்குதளம் காலத்தை இரு வழிகளில் அறிகிறது. முதலாவது, துடிப்பை எண்ணுதல். வன்பொருள் குறித்த இடைவெளியில் ஒரு குறுக்கீட்டை எழுப்பும். இயங்குதளம் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தன் நேரத்தை ஒரு படி கூட்டிக்கொள்ளும். இரண்டாவது, எண்ணியைப் படித்தல். வன்பொருளில் ஓர் எண்ணி இடைவிடாமல் ஏறிக்கொண்டே இருக்கும். இயங்குதளம் வேண்டும்போது அதைப் படித்து, முந்தைய மதிப்பைக் கழித்து, அதிர்வெண்ணால் வகுத்து, கடந்த காலத்தைக் கணக்கிடும். முதல் வழிக்குத் துடிப்பு ஒன்றுகூடத் தவறாமல் வந்துசேர வேண்டும். இரண்டாம் வழிக்கு அதிர்வெண் சரியாகத் தெரிந்திருக்கவேண்டும்; அது இடையில் மாறவும் கூடாது. மெய்நிகர் இயந்திரத்தில் இவ்விரு நிபந்தனைகளும் முறியக்கூடியவை.

2. வன்பொருள் கடிகாரங்களின் வகைகள்

தனிக்கணினி மரபில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கடிகாரங்கள் சேர்ந்துள்ளன. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியில் 8253 என்னும் நேரச்சில்லு இடம்பெற்றது. அது விநாடிக்கு ஏறத்தாழ 11,93,182 முறை எண்ணும். 1984இல் வந்த ஏ.டி. வகைக் கணினியில் மின்கலத்தால் இயங்கும் நிகழ்நேரக் கடிகாரம் சேர்ந்தது. அதன் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். பின்னர் வந்த மின்மேலாண்மை நேர எண்ணியின் அதிர்வெண் 35,79,545 ஆகும். இது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி முறையின் நிறத் துணையலை அதிர்வெண்ணே. 8253 சில்லின் அதிர்வெண் அதன் மூன்றில் ஒரு பங்கு என்பது, இரண்டும் ஒரே வகைப் படிகத்திலிருந்து பிறந்தவை என்பதைக் காட்டும். இவற்றையடுத்து, விநாடிக்குக் குறைந்தது ஒரு கோடி முறை எண்ணும் உயர்துல்லிய நிகழ்வு நேரமானி வந்தது.

1993இல் வெளிவந்த பென்டியம் செயலியில் நேரமுத்திரை எண்ணி என்னும் 64 இருமக் கூறுகள் கொண்ட எண்ணி அமைந்தது. செயலிக்குள்ளேயே இருப்பதால் இதனை மிக விரைவாகப் படிக்கலாம். ஆயினும் தொடக்கக் காலச் செயலிகளில், மின்சேமிப்புக்காகச் செயலியின் வேகம் குறைந்தால் எண்ணியின் வேகமும் குறையும். ஆழ்ந்த உறக்க நிலையில் அது நின்றும்போகும். பிற்காலச் செயலிகளில் இந்த எண்ணி மாறாவேகத்தில் இயங்குகிறது. எனினும் அந்த வேகம் எவ்வளவு என்பது செயலிக்குச் செயலி வேறுபடும்.

3. விருந்தினர் நேரம் பிழைபடும் முறை

ஓம்புநர் கணினியில் பல விருந்தினர்கள் செயலியை மாறிமாறிப் பயன்படுத்துகின்றனர். தன் முறை வராதபோது ஒரு விருந்தினர் உறைந்த நிலையில் இருக்கும். தான் உறைந்திருந்ததை அது அறியாது. விநாடிக்கு 1000 துடிப்புகளை எதிர்பார்க்கும் விருந்தினர் 30 மில்லிவிநாடி உறைந்திருந்தால் 30 துடிப்புகள் நிலுவையாகும். ஒரே வகைக் குறுக்கீடுகள் பல சேரும்போது அவற்றை எண்ணிக்கையோடு நினைவில் வைக்கும் வசதி குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியில் இல்லை. எனவே நிலுவையின் பெரும்பகுதி தொலைந்து, விருந்தினரின் நேரம் பின்தங்குகிறது.

எண்ணியைப் படிக்கும் முறையிலும் இடர் உண்டு. மின்மேலாண்மை நேர எண்ணி 24 இருமக் கூறுகளே கொண்டதாக அமையும்போது, ஏறத்தாழ 4.69 விநாடிக்கு ஒருமுறை அது சுழியத்துக்குத் திரும்பும். விருந்தினர் அதைவிட நீண்ட நேரம் உறைந்திருந்தால், முழுச்சுற்று ஒன்று கடந்ததை அதனால் கண்டறிய இயலாது. 64 இருமக் கூறுகள் கொண்ட எண்ணி விநாடிக்கு 300 கோடி வீதம் ஏறினாலும் முழுச்சுற்றுக்கு 190 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால் அங்கு இவ்விடர் இல்லை.

மேலும், பழைய கடிகாரங்கள் மெய்நிகர் இயந்திரத்தில் மென்பொருளால் போலச்செய்யப்படுகின்றன. அவற்றைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் கட்டுப்பாடு விருந்தினரிடமிருந்து ஓம்புநருக்குச் சென்று திரும்பவேண்டும். நேரத்தை அடிக்கடி கேட்கும் தரவுத்தளம் போன்ற நிரல்களில் இச்செலவு வெளிப்படையாகத் தெரியும்.

4. நிலுவைத் துடிப்புகளைக் கையாளுதல்

நிலுவைத் துடிப்புகளைக் கையாள நான்கு கொள்கைகள் வழக்கில் உள்ளன. லிப்விர்ட் என்னும் மேலாண்மை மென்பொருளின் அமைப்புக் கோப்பில் இவை தனித்தனித் தெரிவுகளாகவே இடம்பெறுகின்றன. வழக்கமான வேகத்திலேயே தொடர்ந்து வழங்குதல் முதலாவது. இதில் விருந்தினர் பின்தங்கியே நிற்கும். நிலுவை தீரும்வரை விரைந்து வழங்குதல் இரண்டாவது. நிலுவை அனைத்தையும் ஒரே துடிப்பாக்கி வழங்குதல் மூன்றாவது. நிலுவையைக் கைவிட்டு, இனி வருவனவற்றை மட்டும் வழங்குதல் நான்காவது.

இவற்றுள் எது சரியானது என்பது விருந்தினரின் இயல்பைப் பொறுத்தது. துடிப்பை மட்டுமே எண்ணும் இயங்குதளத்துக்கு விரைந்து வழங்குதல் பொருந்தும். எண்ணியைப் படித்துத் தவறிய துடிப்புகளைத் தானே ஈடுசெய்துகொள்ளும் இயங்குதளத்துக்கு அதே கொள்கை கேடு விளைவிக்கும். ஒரே இழப்பை ஓம்புநரும் விருந்தினரும் தனித்தனியே ஈடுசெய்வதால், இழந்த காலம் இருமுறை கூட்டப்பட்டு, பின்தங்கவேண்டிய கடிகாரம் முந்திச் செல்லும். ஆகவே ஒரு பிழையைத் திருத்தும் பொறுப்பு ஒருவரிடமே இருத்தல் வேண்டும்.

5. இடப்பெயர்ச்சியும் எண்ணியின் வேகமும்

இயங்கிக்கொண்டிருக்கும் விருந்தினரை நிறுத்தாமல் வேறொரு கணினிக்கு மாற்றுவது இயங்குநிலை இடப்பெயர்ச்சி எனப்படும். வன்பொருள் வேறுபாடு வெளிப்படையாகப் பாதிக்கும் இடம் இதுவே. விநாடிக்கு 200 கோடி எனத் தன் எண்ணியின் வேகத்தைத் தொடக்கத்திலேயே அளந்துகொண்ட விருந்தினர், 250 கோடி வேகமுள்ள கணினிக்கு மாற்றப்படுவதாகக் கொள்வோம். வேறு ஏற்பாடு எதுவும் இல்லையெனில், அதன் கடிகாரம் ஒரு மணி நேரத்தில் 75 நிமிடம் ஓடும். ஒரு நாளில் 6 மணி நேரம் முந்திவிடும்.

இதனைத் தவிர்க்கச் செயலிகள் இரண்டு வசதிகளை அளிக்கின்றன. ஒன்று விலக்க எண். உண்மை எண்ணியின் மதிப்போடு ஓர் எண்ணைக் கூட்டி விருந்தினருக்குக் காட்டுவது. புதிய கணினியின் எண்ணி எந்த மதிப்பில் இருந்தாலும், விருந்தினர் முன்பு கண்ட மதிப்பிலிருந்தே தொடர இது உதவும். மற்றொன்று விகிதப் பெருக்கி. உண்மை மதிப்பை ஒரு விகிதத்தால் பெருக்கிக் காட்டுவது. விலக்க எண் தொடக்கப் புள்ளியைச் சரிசெய்யும். விகிதப் பெருக்கி வேகத்தைச் சரிசெய்யும். ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய இரு நிறுவனங்களின் செயலிகளிலும் விகிதப் பெருக்கி உண்டெனினும், விலக்க எண்ணைப்போல அது தொடக்கம் முதலே அமைந்ததன்று.

லினக்ஸின் கே.வி.எம். மெய்நிகராக்கக் கூறு, இரு கணினிகளின் எண்ணி வேகங்கள் பத்து இலட்சத்தில் 250 பங்குக்கு உட்பட்டு வேறுபட்டால் அதனை இயல்பாகப் பொறுத்துக்கொள்கிறது. இந்த அளவு ஒரு நாளைக்கு 21.6 விநாடி ஆகும். ஆகவே பொறுத்துக்கொள்ளப்படும் வேறுபாடும் பிழையற்றதன்று. அதனைத் திருத்தும் வேலை அடுத்த நிலைக்குத் தள்ளப்படுகிறது.

6. இணைமெய்நிகர்க் கடிகாரம்

தான் மெய்நிகர் இயந்திரத்தில் இயங்குவதை விருந்தினரே அறிந்து, ஓம்புநருடன் ஒத்துழைப்பது இணைமெய்நிகர் முறையாகும். சென், கே.வி.எம்., ஹைப்பர்-வி ஆகியவை இவ்வகைக் கடிகாரங்களைக் கொண்டுள்ளன. கே.வி.எம். முறையில், ஓம்புநர் நினைவகத்தின் ஒரு பகுதியை விருந்தினருடன் பகிர்ந்துகொள்கிறது. குறித்த ஒரு கணத்தில் எண்ணி காட்டிய மதிப்பு, அக்கணத்தின் நேரம், எண்ணியை நானோவிநாடியாக மாற்றும் பெருக்கி ஆகிய மூன்றும் அதில் எழுதப்பட்டிருக்கும். விருந்தினர் எண்ணியைத் தானே படித்து, வேறுபாட்டைப் பெருக்கியால் பெருக்கி, அக்கணத்தின் நேரத்தோடு கூட்டிக்கொள்கிறது. ஓம்புநரிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கத் தேவையில்லை.

ஓம்புநர் எழுதிக்கொண்டிருக்கும்போதே விருந்தினர் படித்துவிட்டால் பாதி பழையதும் பாதி புதியதுமான மதிப்பு கிடைக்கக்கூடும். இதற்காகவே பதிப்பெண் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. எழுதும்போது அது ஒற்றைப்படையாகவும் முடிந்தபின் இரட்டைப்படையாகவும் இருக்கும். ஒற்றைப்படையைக் கண்டாலோ, படிக்கத் தொடங்கியபோதும் முடித்தபோதும் எண் வேறுபட்டாலோ விருந்தினர் மீண்டும் படிக்கும். புதிய கணினிக்கு மாறியபின் ஓம்புநர் இப்பகுதியைப் புதுப்பித்தால் போதும். புதிய வேகத்துக்குரிய பெருக்கி தானே வந்துசேரும்.

7. பிற கட்டமைப்புகள்

ஆர்ம் கட்டமைப்பில் மெய்நிகர் எண்ணி வரையறையிலேயே இடம்பெற்றுள்ளது. விலக்க எண்ணுக்கும் தனிப் பதிவகம் உண்டு. ஆனால் எண்ணியின் அதிர்வெண் நெடுங்காலம் உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. ஆர்ம் 8.6 பதிப்பு முதல் அது விநாடிக்கு 100 கோடி என வரையறுக்கப்பட்டது.

ஐ.பி.எம். பெருங்கணினி மரபில் இச்சிக்கல் எழாததற்குக் காரணம் உண்டு. 1970இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/370 வரிசையின் நாள்நேரக் கடிகாரத்தில், 51ஆம் இருமக் கூறு ஒரு மைக்ரோவிநாடியைக் குறிக்கும் என்பது கட்டமைப்பின் விதி. செயலியின் வேகம் எதுவாயினும் கடிகாரத்தின் அலகு மாறாது. விருந்தினருக்கு விலக்க எண் ஒன்றே போதும், விகிதம் தேவையில்லை. வேக வேறுபாட்டுச் சிக்கல் மெய்நிகராக்கத்துக்கு உரியதன்று, எண்ணியின் அலகைச் செயலியின் வேகத்தோடு பிணைத்த வடிவமைப்புக்கு உரியது என்பது இவ்வொப்பீட்டால் தெளிவாகிறது.

8. தொடக்க நேரமும் பிணைய ஒத்திசைவும்

விருந்தினர் தொடங்கும்போது நிகழ்நேரக் கடிகாரத்தைப் படித்து நாளையும் மணியையும் பெறுகிறது. அக்கடிகாரம் ஒருங்கிணைந்த உலக நேரத்தைக் காட்டுவதாக லினக்ஸ் இயல்பாகக் கொள்ளும். உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்ளும். இத்தெரிவை மாற்றி அமைத்துவிட்டால், இந்தியாவிலும் இலங்கையிலும் வழு சரியாக 5 மணி 30 நிமிடமாக இருக்கும். இவ்வளவில் வழு காணப்பட்டால் எண்ணியை ஆராய்வதற்கு முன் இத்தெரிவையே ஆராய்தல் தகும்.

எஞ்சும் பிழையைப் பிணைய நேர நெறிமுறை திருத்துகிறது. அதன் வழக்கமான செயலாக்கம், கடிகாரத்தின் வேகத்தைப் பத்து இலட்சத்தில் 500 பங்கு வரை மட்டுமே கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஒரு விநாடிப் பிழையை இவ்வாறு நீக்க 33 நிமிடம் 20 விநாடி ஆகும். 128 மில்லிவிநாடிக்கு மேற்பட்ட பிழை நீடித்தால் நேரத்தை ஒரேயடியாக மாற்றும். 1000 விநாடிக்கு மேற்பட்டால் திருத்த மறுத்து வெளியேறும். முன்னர்க் கூறிய 250 பங்கு வேறுபாடு இதன் ஆற்றலுக்குள் அடங்கும். 5 மணி 30 நிமிட வழுவோ, திருத்தப்படாத வேகமாற்றமோ அடங்காது.

9. எஞ்சும் சிக்கல்

திங்களன்று சேமிக்கப்பட்ட விருந்தினர் நிலையை வியாழனன்று மீட்டு இயக்கினால், அதன் நேரம் என்னவாக இருக்கவேண்டும்? நாட்காட்டி நேரம் வியாழனுக்குத் தாவவேண்டும். இல்லையேல் சான்றிதழ்களும் பதிவுகளும் பிழைபடும். ஆனால் ‘பத்து விநாடிக்குள் மறுமொழி வராவிடில் இணைப்பைத் துண்டி’ எனக் காத்திருக்கும் நிரலுக்கு அத்தாவல் தெரிந்தால், எல்லா இணைப்புகளும் ஒரே கணத்தில் துண்டிக்கப்படும். லினக்ஸ் இதனை உணர்ந்தே நாட்காட்டி நேரம், பின்செல்லாத ஒருதிசை நேரம், உறக்கத்தையும் சேர்த்தெண்ணும் நேரம் என மூன்றையும் தனித்தனியே வைத்துள்ளது. எந்த நிரல் எந்த நேரத்தைக் கேட்கவேண்டும் என்பதை நிரலாளரே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. இதனை எந்த வன்பொருள் வசதியும் அவருக்காக முடிவுசெய்து தர இயலாது.

முடிவுரை

இக்கட்டுரையின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

- விருந்தினர் நேரப் பிழை தொடக்கப் புள்ளியின் பிழை, வேகத்தின் பிழை, தவறிய துடிப்பின் பிழை என மூவகைப்படும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.
- இணைமெய்நிகர்க் கடிகாரத்தை ஆதரிக்கும் இயங்குதளத்துக்கு அதுவே முதல் தெரிவாக அமையலாம். ஆதரிக்காத பழைய இயங்குதளத்துக்குத் துடிப்புக் கொள்கையைத் தனியே ஆராய்ந்து அமைத்தல் வேண்டும்.
- வேறுபட்ட செயலிகளுக்கிடையே இடப்பெயர்ச்சி செய்யும் முன், விகிதப் பெருக்கி வசதி இரு பக்கமும் உள்ளதா என்பதைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.
- விருந்தினரின் நேரத்தைத் திருத்தும் பொறுப்பு ஒன்றிடமே இருத்தல் வேண்டும். ஓம்புநரின் கருவியும் பிணைய நேர நெறிமுறையும் ஒருங்கே திருத்தினால் பிழை பெருகும்.

1974இன் இலக்கணம் காலத்தைப் புறனடையாக வைத்தது அன்றைய நிலையில் பொருத்தமானதே. பின்வந்த வன்பொருள், மென்பொருள் வளர்ச்சிகள் அப்புறனடையின் பரப்பைச் சுருக்கியுள்ளன. உறைந்திருந்த காலம் கணக்கில் சேருமா, சேராதா என்னும் வினா மட்டும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியே விடை காணவேண்டியதாக எஞ்சி நிற்கிறது.