பட்டாபிராம் டு பூண்டி... சூரியனை முதுகில் வச்சுக்கிட்டு ஒரு சைக்கிள் ரைடு!

ஞாயித்துக்கிழமை காலையில பட்டாபிராம்ல இருந்து எங்கே போகலாம்னு கேட்டா, பெரும்பாலானவங்க சென்ட்ரல் ரயிலைத்தான் கை காட்டுவாங்க. பீச், மால், சினிமா எல்லாமே கிழக்கேதானே இருக்கு! ஒரு தடவை சைக்கிளை மேற்கே திருப்பிப் பாருங்க. திருநின்றவூர், திருவள்ளூர் வழியா பூண்டி நீர்த்தேக்கம் வரை ஒருபக்கம் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். கியர் சைக்கிள் அவசியமில்லை. வழியில் மலை, மேடு எதுவும் கிடையாது. ஆனா ஊர், ஏரி, வயல், அணைக்கட்டுன்னு காட்சி மட்டும் மாறிக்கிட்டே இருக்கும்.

மேற்கே போகச் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காலையில் சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கும். முன்னாடி இருக்கிற பறவை மேல வெளிச்சம் நேரா விழும். இறகோட நிறம், கண்ணோட பளபளப்பு எல்லாம் சாதாரண போன் கேமராவிலேயே பதிவாகும். இதே பறவையைச் சூரியனுக்கு எதிரே நின்னு எடுத்தா, கிடைக்கிறது வெறும் கறுப்பு நிழல்தான்.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல நேரம். வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பியிருக்கும், வலசை வரும் பறவைகளும் வந்து சேர்ந்திருக்கும். ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஆறரை மணி ஆயிடும். ஆறு மணிக்குக் கிளம்பினா போதும். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்ஸும் எந்த நேரமும் ஓடுது. அதனால ஹெல்மெட்டும், பின்பக்கச் சிவப்பு விளக்கும் இல்லாம கிளம்பாதீங்க.

பறக்காத தூரம்

முதல் நிறுத்தம் திருநின்றவூர் ஏரி. மனசுக்குள்ளேயே கோயில் கட்டின பூசலார் நாயனாரோட ஊர் இது. ஏரியை நெருங்கி வீடுகள் வந்துட்டாலும் பறவைகள் இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. கம்பியில் உட்கார்ந்திருக்கிற வெண்மார்பு மீன்கொத்தி, பக்கத்துல பஸ் போனாக்கூட அசையாது. நீங்க சைக்கிளை நிறுத்தி, போனைத் தூக்கின அடுத்த நொடி பறந்துடும். கடந்து போறவங்க அதுக்குப் பழக்கம். நின்னு உத்துப் பார்க்கிறவங்கதான் ஆபத்து. அதனால நேர் எதிரே நிறுத்தாம, கொஞ்சம் தள்ளிப்போய் நிறுத்துங்க. சைக்கிளை விட்டு இறங்காம ஒரு கால் ஊன்றி ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க. பறவை தன் வேலையைத் திரும்ப ஆரம்பிச்ச பிறகு போனை எடுங்க.

திருவள்ளூர்ல இட்லி சாப்பிட்டுட்டு வடமேற்கே திரும்பினா வயல்வெளி ஆரம்பிக்கும். மாட்டுக்குப் பின்னாடியே நடக்கிற உண்ணிக்கொக்கு, கம்பியில் வரிசையா பச்சைப் பஞ்சுருட்டான், அதிர்ஷ்டம் இருந்தா நீல இறக்கையை விரிச்சுப் பறக்கிற பனங்காடை. இந்தப் பகுதியில் அவசரப்படாதீங்க. கார்ல போறவங்களுக்குக் கிடைக்காத இடம் இது. சத்தமில்லாத வண்டிங்கிறதால, பறவையைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே அதோட குரல் உங்க காதுல விழும். யாரோட குரல்னு தெரியலையா? மெர்லின்னு ஓர் இலவச ஆப் இருக்கு. குரலைப் பதிவு பண்ணினா பெயரை ஊகிச்சுச் சொல்லும். அப்பப்போ தப்பாவும் சொல்லும், கண்ணால் உறுதிப்படுத்திக்கோங்க.

பூண்டிக்கு சத்தியமூர்த்தி சாகர்னு பெயர். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி முயற்சியில், கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி 1944-ல் திறந்தாங்க. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1943-லேயே மறைந்துவிட்டார். இப்போ கிருஷ்ணா நதித் தண்ணீரும் கால்வாய் வழியா இங்கேதான் வருது. நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணியோட ஒரு பங்கு இது.

நீர்த்தேக்கம் நிரம்பி வழியும்போது படம் எடுக்க ஆசையா இருக்கும். ஆனா பறவை பார்க்க, நீர் கொஞ்சம் வடிஞ்ச பிறகு போறதுதான் நல்லது. ஆழமான தண்ணியில் கூழைக்கடா, நீர்க்காகம் மாதிரியான பறவைகள்தான் மீன் பிடிக்க முடியும். நீர் வடிஞ்சு சேற்றுக்கரை தெரிய ஆரம்பிச்சாதான் நெட்டைக்கால் உள்ளான் இறங்கும், மஞ்சள் மூக்கு நாரை வாயைத் திறந்து தண்ணிக்குள் விட்டுத் துழாவும், நத்தைகுத்தி நாரை நத்தை தேடும். காலோட நீளத்தையும் அலகோட வடிவத்தையும் பார்த்தாலே, யார் எவ்வளவு ஆழத்தில் சாப்பிடுவாங்கன்னு சொல்லிடலாம்.

ஒரு படத்தின் விலை

போன வருஷம் ஏப்ரல்ல ஒரு ஏரிக்கரையில் நான் செஞ்ச தப்பைச் சொல்றேன். சிவப்பு மூக்கு ஆள்காட்டி ஒண்ணு தரையில் நின்னு கத்திக்கிட்டே இருந்தது. 'செம ஷாட்'னு கரையில் இறங்கி நெருங்கினேன். அது தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்த ஆரம்பிச்சது. குனிஞ்சு பார்த்தா, என் ஷூவுக்கு ஒரு அடி தள்ளி, கூழாங்கல்லுக்கு நடுவே கூழாங்கல் மாதிரியே நாலு முட்டை. ஆள்காட்டி கூடு கட்டாது, வெறும் தரையில்தான் முட்டையிடும். வெயில் ஏறிய பிறகு தாய் நிழல் தரலைன்னா, முட்டை சூடேறியே கெட்டுப்போகும். பக்கத்து மரத்துல ரெண்டு காக்கா என்னையே பார்த்துக்கிட்டிருந்தது. வந்த வழியே காலைப் பார்த்துப் பார்த்து வச்சு வெளியே வந்தேன். முட்டை பொரிஞ்சதா இல்லையான்னு போய்ப் பார்க்கவும் கூடாது, அதனால இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அன்னைக்கு எடுத்த படம் நல்லாவே வந்திருந்தது. எங்கேயும் போடலை.

அதுக்குப் பிறகு நான் பறவையைத் துரத்துறதை விட்டுட்டேன். 8×42 பைனாகுலர் ஒண்ணு வாங்கினேன். எட்டு மடங்கு பெரிசா காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். அதன் பின்கண்ணாடியில் போன் கேமராவை ஒட்டி வச்சா, தூரத்து நாரையும் ஓரளவு கிடைக்கும். போனோட டிஜிட்டல் ஜூம், படத்தை வெட்டிப் பெரிசாக்குறது மட்டும்தான், அதை நம்பாதீங்க. பறவை சின்னதா, ஏரி பெரிசா தெரியுற படமே எனக்குப் பிடிக்க ஆரம்பிச்சிடுச்சு. கூடு, முட்டை தெரியுற படத்தை லொகேஷனோடு மட்டும் ஷேர் பண்ணாதீங்க.

பார்த்த பறவைகளை இ-பேர்ட் ஆப்பில் பட்டியலா போடலாம். தமிழ்நாட்டில் 2015-லிருந்து பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்கும் அதே ஆப்தான். ஓரிடத்தில் 15 நிமிஷம் நின்னு எண்ணினா போதும், உங்க தெரு காக்காவும் மைனாவும்கூட கணக்கில் வரும்.

திரும்பி வரும்போதுதான் கொஞ்சம் கஷ்டம். மதியத்துக்கு மேல கடற்காத்து கிழக்கேயிருந்து எதிரே வந்து மோதும். வந்த வேகத்தை எதிர்பார்க்காதீங்க. பூண்டியில் சாப்பிட்டு, தண்ணி பாட்டிலை நிரப்பிக்கிட்டு, மூணு மணிக்கு மேல கிளம்புங்க. நாலரைக்கெல்லாம் சூரியன் மறுபடி உங்க முதுகுப் பக்கம் வந்து நல்லாச் சாய்ஞ்சிருக்கும். காலையில் தவறவிட்ட அந்த மீன்கொத்தி இன்னும் கம்பியில்தான் இருக்கும்.